பீட்ரூட் சாறும் தோட்டத்துத் தாய்மார்களும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். போன ஞாயிறு மலரில் குழந்தைகளின் இரத்தசோகை பற்றி ஒரு முழுப் பக்கக் கட்டுரை போட்டிருந்தீர்கள். உயரமான கண்ணாடிக் குவளையில் பீட்ரூட் சாறு, பக்கத்தில் பேரீச்சம்பழத் தட்டு என்று படம் அழகாக இருந்தது. இவற்றைக் கொடுத்தால் இரத்தம் ஊறும் என்பதுதான் கட்டுரையின் சாரம். கட்டுரையின் நடுவே ஒரு வரி: "தோட்டப்புறத் தாய்மார்களின் அலட்சியமே இதற்கு முதல் காரணம்." எழுதியவர் தோட்டப்புறத்தை எங்கிருந்து பார்த்தாரோ தெரியவில்லை. நெடுஞ்சாலையில் காரில் போகும்போது பார்த்திருந்தால் செம்பனை மட்டும்தான் கண்ணில் பட்டிருக்கும்.

நான் மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்து, அங்கேயே தொழிலாளர் பிள்ளைகளை விட்டுப் போகும் ஆயாக் கொட்டகையில் பிள்ளை பார்த்தவள். விடியும் முன்பே பெரட்டுக்கு (வேலைக்குப் பேர் கொடுக்கும் இடத்துக்கு) ஓடுகிற அம்மாக்கள், தூங்குகிற பிள்ளையைச் சேலைத் துணியில் சுற்றி என் கையில் கொடுத்துவிட்டுப் போவார்கள். வெட்டு முடிந்து, பால் எடுத்து, நிறுத்துக் கொடுத்துவிட்டு மத்தியானம் வந்து வாங்கிக்கொள்வார்கள். வந்ததும் முதல் கேள்வி, "அக்கா, சாப்பிட்டானா?" என்பதுதான். இவர்களையா அலட்சியம் என்கிறீர்கள்? அந்தக் கொட்டகையில் நாங்கள் கொடுத்தது டின் பால் கரைத்த தண்ணீரும் பிஸ்கட்டும். பிள்ளைக்கு முட்டை வேண்டும், மீன் வேண்டும் என்று தோட்டத்துக் கணக்கப்பிள்ளையான எந்தக் கிராணியும் கணக்கு எழுதவில்லை. தோட்டங்களில் குழந்தைப் பராமரிப்பு இடம் அமைப்பது பற்றி 1990-ஆம் ஆண்டுத் தொழிலாளர் வீடமைப்புச் சட்டம் பேசுகிறது. ஆனால் எங்கள் தோட்டத்தில் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, நாங்கள் குடியிருந்த லயத்து வீடுகளை இடித்தார்கள், கொட்டகையும் அதோடு போனது. அப்போது உங்கள் பத்திரிகையில் அதைப் பற்றி ஒரு வரி வந்ததாக எனக்கு நினைவில்லை. தேர்தல் வந்தால் மட்டும் எங்கள் ஊர்ப் பெயர் முதல் பக்கத்தில் வரும்.

சரி, இன்றைய கதைக்கு வருகிறேன். டவுனில் தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டுக்கு வந்த பிறகும் வாழ்க்கை பெரிதாக மாறிவிடவில்லை. வெட்டுக்கத்திக்குப் பதில் ஃபேக்டரி வேன், அவ்வளவுதான். என் மகள் ஈப்போ பக்கம் ஒரு ஃபேக்டரியில் வேலை செய்கிறாள். பிரசவ விடுப்பு 2023-இல் 60 நாளிலிருந்து 98 நாளாக உயர்ந்தது. நல்ல காரியம்தான். ஆனாலும் அது மூன்று மாதச் சொச்சம். பிள்ளை வயிற்றிலிருக்கும்போது அம்மாவிடமிருந்து சேர்த்துக்கொண்டு வருகிற இரும்புச்சத்து, நிறைமாதப் பிள்ளைக்கே ஆறு மாதம்வரைதான் தாங்கும். அதற்கு மேல் சாப்பாட்டில் வர வேண்டும். அந்த நேரத்தில் அம்மா ஃபேக்டரி லைனில் நின்றுகொண்டிருக்கிறாள், பிள்ளை வளர்ப்பவர் வீட்டில் இருக்கிறது. அங்கே அழுதால் பால் புட்டிதான். பால் கொடுத்தால் நல்லது என்று நினைத்துத்தானே எல்லாரும் கொடுக்கிறார்கள்?

என் பேத்தி அப்படித்தான் புட்டியிலேயே வளர்ந்தாள். கன்னம் கொழுகொழுவென்று இருந்ததால் எங்களில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. நடக்க ஆரம்பித்த பிறகுதான் துளசிச் சட்டியில் கையை விட்டு மண்ணை எடுத்து வாயில் போட்டுக்கொள்வதைப் பார்த்தேன். அதட்டினால் சிரிப்பாள், பல்லெல்லாம் மண். அக்கம்பக்கத்தில் பூச்சி மருந்து கொடு என்றார்கள். கிளினிக்கில் மிஸ்ஸி (நர்ஸ்) அவள் கீழ்க்கண் இமையை இழுத்துப் பார்த்துவிட்டு உடனே இரத்தம் எடுக்கச் சொன்னார். ஹீமோகுளோபின் 8.3. அந்த வயதுக்குக் குறைந்தது 11 இருக்க வேண்டுமாம். மண் தின்பதும் இரும்புச்சத்துக் குறைவின் அடையாளமாக இருக்கலாம் என்று அன்றைக்குத்தான் காதில் விழுந்தது. எடை சரியாக இருந்ததால், ஊட்டச்சத்துக் குறைந்த ஏழைப் பிள்ளைகளுக்கு அரசாங்கம் கொடுக்கிற சாப்பாட்டுக் கூடைக்கும் அவள் பெயர் போகவில்லை. கொழுத்த கன்னத்துக்குள் வெளுத்த இரத்தம் இருந்தால் எந்தப் படிவத்திலும் அதற்கு இடமில்லை போலும்.

பசும்பாலில் இரும்புச்சத்து மிகக் கொஞ்சம். அதிலுள்ள கால்சியம் மற்றச் சாப்பாட்டின் இரும்பையும் உடம்பில் சேர விடாது. ஒரு வயது ஆகும் முன் கொடுத்தால் குடலில் கண்ணுக்குத் தெரியாமல் இரத்தம் கசியக்கூட வாய்ப்புண்டு. ஒரு வயதுக்கு மேலும் நாளுக்கு அரை லிட்டருக்கு மேல் குடித்தால் பிள்ளைக்குச் சோறு இறங்காது. இதையெல்லாம் மிஸ்ஸி நின்று நிதானமாகச் சொன்னார். உங்கள் முழுப் பக்கத்தில் பாலைப் பற்றி ஒரு சொல் இல்லை. ஏன் இல்லை என்று எதிர்ப்பக்கத்தைப் பார்த்தால் புரிந்துவிடுகிறது. வளரும் பிள்ளைகளுக்கென்று ஒரு பால் பானத்தின் வண்ண விளம்பரம், அதுவும் முழுப் பக்கம்.

பீட்ரூட்டுக்கு வருவோம். சிவப்பாக இருப்பதால் இரத்தம் ஊறும் என்றால் ரோஸ் சிரப்பிலும் ஊற வேண்டும். நூறு கிராம் பீட்ரூட்டில் ஒரு மில்லிகிராம் இரும்புகூட முழுசாக இல்லை. பேரீச்சம்பழத்திலும் ஏறக்குறைய அதே கதைதான். அதே நூறு கிராம் கோழி ஈரலில் பத்து மில்லிகிராம் அளவுக்கு இருக்கும். மார்க்கெட்டில் இறைச்சியிலேயே விலை குறைந்ததும் அதுதான். அதன் இரும்பு உடம்பில் சுலபமாகச் சேரும். கீரை, பருப்பில் உள்ளது அவ்வளவு சுலபத்தில் சேராது. கூடவே எலுமிச்சையோ கொய்யாவோ இருந்தால் கொஞ்சம் பரவாயில்லை. சாப்பாட்டோடு தே ஓ (பால் சேர்க்காத தேநீர்) கொடுத்தால் சேர்கிறதும் கெட்டுவிடும். எத்தனை வீட்டில் பிள்ளைக்கு ரொட்டியைத் தே ஓவில் தொட்டுக் கொடுக்கிறோம்! ஈரலை வேகவைத்து மசித்து, வாரத்தில் ஒரு நாள் ஒரு ஸ்பூன் கஞ்சியில் கலந்தால் போதும், தினமும் வேண்டாம், அதில் வைட்டமின் ஏ அதிகம் என்று மிஸ்ஸி சொன்னார். புரட்டாசியில் பயறும் எலுமிச்சைச் சாறும். இவ்வளவுதான் விஷயம். இதை எழுத முழுப் பக்கம்கூட வேண்டாம்.

மருந்து விஷயம் இன்னொரு கூத்து. இரும்புச் சிரப் கொடுத்தால் பிள்ளையின் மலம் கறுப்பாகப் போகும். அதைப் பார்த்துப் பயந்து என் மகள் பாட்டிலைத் தூக்கி அலமாரி மேல் வைத்துவிட்டாள். நான் திரும்பக் கிளினிக்குக்குப் போய்க் கேட்டபோது, அது சாதாரணம், நிறுத்தாதே, பாலோடு மட்டும் கொடுக்காதே, ஆரஞ்சுச் சாற்றோடு கொடு என்றார்கள். கையில் கொடுத்த தாள் மலாயில் இருந்தது. எனக்குப் படிக்கத் தெரியும், அதனால் தப்பித்தோம். பக்கத்து வீட்டு அம்மாவுக்குத் தமிழ் மட்டும்தான் ஓடும், அவர் வாங்குவது உங்கள் பத்திரிகை. அவருக்கு நீங்கள் கொடுத்தது பீட்ரூட்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2022-ஆம் ஆண்டு சுகாதார அமைச்சின் தேசிய ஆய்வு, மலேசியாவில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இரத்தசோகை என்றது. தோட்டத்துப் பிள்ளைகளை மட்டும் எண்ணிச் சொன்னதல்ல அது. மலாய்க்காரர், சீனர், கோலாலம்பூர் அடுக்குமாடிக்காரர் எல்லாரும் அதில் உண்டு. அப்படியானால் நாட்டில் பாதித் தாய்மார்கள் அலட்சியக்காரர்களா? அதை எழுத உங்கள் கட்டுரையாளருக்குத் துணிச்சல் வருமா? எங்களைச் சொல்வது சுலபம். நாங்கள் திருப்பி எழுதினாலும் இரண்டு வரியாக வெட்டி ஓரத்தில் போடலாம். சென்ற ஆண்டு பாலர் பள்ளிச் சிற்றுண்டி பற்றி நான் எழுதிய கடிதம் அப்படித்தான் வந்தது, ஊர்ப் பெயரும் தப்பாக.

பள்ளியில் ஏழை மாணவர்களுக்கு 1979 முதல் அரசாங்கம் கூடுதல் உணவு கொடுக்கிறது. நல்லது, ஆனால் அது கிடைப்பது ஏழு வயதில். மூளை வேகமாக வளர்கிற காலம் முதல் இரண்டு வயது. அந்த இடைவெளியில் பிள்ளைக்கு யார் சோறு போடுகிறார்கள், வளர்ப்பவருக்கு யார் சொல்லிக்கொடுக்கிறார்கள் என்று ஒரு நிருபரை அனுப்பி எழுத வைத்திருந்தால் உங்களுக்குக் கையெடுத்துக் கும்பிட்டிருப்பேன்.

பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. மன்னிப்பும் வேண்டாம், அதையெல்லாம் நீங்கள் போடமாட்டீர்கள். அடுத்த ஞாயிறு மலரில் அந்தப் பீட்ரூட் குவளை படம் வந்த அளவுக்கு இடம் ஒதுக்கி, இரும்புச் சிரப்பை எப்படிக் கொடுப்பது, எதனோடு கொடுக்கக் கூடாது, மலம் கறுத்தால் பயப்பட வேண்டாம் என்பதை ஒரு மருத்துவரிடம் சரிபார்த்துப் பெரிய எழுத்தில் போடுங்கள். வெட்டி எடுத்துக் கிளினிக் சுவரில் ஒட்டிக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
ஒரு பாட்டி,
சுங்கை சிப்புட், பேராக்