ஹ்வாங் கீயின் வாழ்க்கையை உள்ளபடி சொல்லிக்கொடுங்கள்

கொரியத் தற்காப்புக் கலையான டாங் சூ டோவின் கிரேடிங் (பெல்ட் தேர்வு) குழுவிலுள்ள மாஸ்டர்களுக்கு,

வணக்கம். சென்ற கிரேடிங்கில் நடந்தது உங்களுக்குத் தெரியும். பியுங் ஆன் ஹ்யுங் (வரிசையாகச் செய்யும் அசைவுத் தொடர்) எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்கு, "ஒகினாவாவின் கராத்தே ஆசான் இதோசு ஆன்கோ அமைத்தது" என்ற மாணவிக்கு மதிப்பெண் கிடையாது. "இரண்டாயிரம் ஆண்டுப் பழமையான கொரியக் கலை" என்று கையேட்டை ஒப்பித்தவர்களுக்கு முழு மதிப்பெண். நம் கலையின் மூ டுக் க்வான் பள்ளியைத் தொடங்கிய ஹ்வாங் கீயின் வாழ்க்கையை உள்ளபடி கையேட்டில் சேருங்கள் என்று கேட்கவே இந்த மடல்.

அவர் மறைக்காததை நாம் ஏன் மறைக்க வேண்டும்? 1914-ல் ஜாங்தானில் பிறந்தவர். ஜப்பானிய ஆட்சிக் காலத்தில் ரயில்வேயில் வேலை. அங்கிருந்த நூலகத்தில் கிடைத்த ஒகினாவாக் கராத்தே நூல்களைப் படித்ததைப் பின்னாளில் அவரே எழுதினார். ஹ்யுங்கும் அதற்குச் சாட்சி. இதோசுவின் முதல் இரண்டு பினான்களையும் (பியுங் ஆனின் மூலப் பெயர்) கராத்தே ஆசான் ஃபுனாகோஷி இடம் மாற்றி வைத்தார். நம்முடைய சோ தானும் (முதலாவது) இ தானும் (இரண்டாவது) அந்த மாறிய வரிசையில்தான் வருகின்றன. சோ தானில் இடப்பக்கம் திரும்பிக் கீழ்த்தடுப்புப் போட்டுத் தொடங்குகிறோமே, அது இதோசுவின் வரிசையில் இரண்டாவது.

1945-ல் சியோலில், யோங்சான் ரயில் நிலையத்தை ஒட்டி, ஹ்வா சூ டோ என்ற பெயரில் கலையைக் கற்பிக்க மூ டுக் க்வான் பள்ளியைத் தொடங்கினார். ஆள் சேரவில்லை. மக்களுக்குப் பழகிய டாங் சூ டோ என்ற பெயருக்கு மாறினார். 1957-ல் முயே தோபோ தோங்ஜி அவர் கண்ணில் பட்டது. ஜியோங்ஜோ மன்னர் காலத்தில், 1790-ல் முடிந்த போர்க்கலை நூல் அது. அதன் வெறுங்கைப் பகுதியிலிருந்துதான் யுக் ரோ எனும் ஆறு ஹ்யுங்களும் பிறந்தன. பழைய கொரிய வேர் என்று கைகாட்ட நமக்கு இருப்பது இது. கையேட்டில் இதற்கு ஒரு வரிகூட இல்லை.

எல்லாவற்றையும்விட வலிப்பது 1960களை விட்டதுதான். 1961 ராணுவப் புரட்சிக்குப் பிறகு எல்லாப் பள்ளிகளையும் ஒரே சங்கத்தில் சேர்க்கும் நெருக்கடி வந்தது. ஹ்வாங் கீ இணங்கவில்லை. 1965-ல் அவர் கையால் வளர்ந்த மூத்த மாணவர்களே பிரிந்து தேக்வாண்டோ சங்கத்தோடு போனார்கள். வழக்காடி 1966-ல் ஜெயித்தார்; தீர்ப்பு கிடைத்தது, போன மாணவர்கள் திரும்பவில்லை. 1970களில் அமெரிக்கா போய், 2002-ல் காலமாகும்வரை, சூ பாக் டோ என்று பெயர் மாற்றிய தன் கலையை விடவில்லை. தேக்வாண்டோவுக்குள் ஒரு மூ டுக் க்வான், வெளியே ஒன்று எப்படி வந்தது என்று மாணவர் கேட்டால் இந்தப் பகுதி இல்லாமல் எந்த மாஸ்டராலும் பதில் சொல்ல முடியாது.

பெல்ட்டும் அப்படியே. கறுப்பு முடிவைக் குறிக்கும், அதன்மேல் வேறு நிறம் ஏறாது என்றே அவர் மூத்த நிலைப் பெல்ட்டுக்கு நள்ளிரவு நீலத்தை வைத்தார். கறுப்புப் பெல்ட் எளிதில் கிடைக்கிறது என்பதற்காக நீலத்தை மாற்றுவதா? கிரேடிங் கட்டணம் ஏறுகிறது, சான்றிதழ் பளபளக்கிறது, கையேடு மட்டும் அதே மங்கிய நகல்.

ஹ்வாங் கீயின் வாழ்க்கையை உள்ளபடி சேருங்கள். இரண்டு பக்கம் போதும். அடுத்த கிரேடிங்குக்கு முன் அச்சிட்டுத் தாருங்கள், அந்த மாணவியின் மதிப்பெண்ணையும் தயவுசெய்து திருத்துங்கள்.

மரியாதையுடன்,
உங்கள் கலையைப் பயிலும் ஒருவர்