துருப்பிடிக்காதா என்று கேட்டீர்களே, அப்பா

அன்புள்ள அப்பா,

போன வாரம் போனில் "இரும்பில் பேட்டரியா, துருப்பிடித்துவிடாதா?" என்று கேட்டீர்கள், நான் அவசரத்தில் சிரித்துவிட்டு வைத்துவிட்டேன். அப்புறம் ஆய்வகத்துக்கு நடந்து போகும்போதுதான் உறைத்தது, நாங்கள் இங்கே மண்டையை உடைத்துக்கொள்வதே அந்தக் கேள்வியோடுதான்.

இரும்பு எலெக்ட்ரானை விட்டுக்கொடுப்பதில்தான் துரு தொடங்குகிறது. சார்ஜ் ஏறும்போது கேத்தோடில் (பேட்டரியின் நேர்மின் முனையில்) இருக்கிற இரும்பும் அதையே செய்கிறது, கூடவே லித்தியம் அயனியும் அங்கிருந்து கிளம்பி எதிர்ப்பக்கம் போய்விடுகிறது. பேட்டரியைப் பயன்படுத்தும்போது இரண்டும் திரும்பி வருகின்றன. துரு தானாகத் திரும்பி வராது, இது வரும். லித்தியம் இரும்பு பாஸ்பேட்டில் இப்படிப் போய்வர முடியும் என்று 1997இல் டெக்சாஸில் குட்இனஃப் என்ற விஞ்ஞானியின் குழு காட்டியது. கோபால்ட் கேத்தோடை விட மலிவு, சூடானாலும் பாஸ்பேட் தன் ஆக்சிஜனை எளிதில் விடாது. ஆனால் கோபால்ட் ஏறக்குறைய 3.9 வோல்ட் தரும் இடத்தில் இது 3.4தான், மின்சாரத்தைக் கடத்தவும் அடம்பிடிக்கும். அதனால் ஒவ்வொரு துகளுக்கும் கார்பன் பூச வேண்டும் (என் வெள்ளைச் சட்டை இரண்டு அதற்கே பலி, அம்மாவிடம் சொல்லிவிடாதீர்கள்).

என் பங்கு சிலிக்கேட், பாஸ்பரஸ் இருக்கிற இடத்தில் சிலிக்கன் வைத்த இரும்புக் கேத்தோடு. ஓர் இரும்புக்கு இரண்டு லித்தியம் இருப்பதால் கணக்குப்படி கிராமுக்கு 331 மில்லிஆம்பியர் மணி மின்சாரம் சேமிக்கலாம், பாஸ்பேட்டில் 170தான். கணக்கோடு சரி, முதல் லித்தியம் ஒழுங்காக வருகிறது, இரண்டாவது வர மாட்டேன் என்கிறது. போதாக்குறைக்கு முதல் சார்ஜிலேயே உள்ளே அணுக்கள் இடம் மாறி, 3.1 வோல்ட்டில் இருந்தது 2.8க்கு இறங்கிவிடுகிறது.

சனிக்கிழமை அதை விடப் பெரிய கூத்து. 700 டிகிரி உலையில், இரும்போடு சேராத ஆர்கான் வாயுவுக்குள் சுட வைத்துவிட்டுப் போனேன், குழாய் மூடியை நான் சரியாக முறுக்கவில்லை போல, காற்று புகுந்து, காலையில் திறந்தால் செக்கச்செவேலென்று பொடி. சரியான துரு, அப்பா. உங்களைத்தான் நினைத்துக்கொண்டேன்.

மறுபடி செய்து, காற்றுப் புகாத கையுறைப் பெட்டிக்குள் தடித்த ரப்பர் கையுறையோடு, காசு வடிவத்தில் எட்டுச் சிறு சோதனை பேட்டரிகள் பூட்டியிருக்கிறேன், ஒன்று இடுக்கியிலிருந்து நழுவி எங்கோ உருண்டுவிட்டது. மிச்சம் ஏழும் சார்ஜ் ஏற 20 மணி நேரம், இறங்க 20 மணி நேரம். இங்கே மதியம் தாண்டியதுமே இருட்டிவிடுகிறது, ஜன்னலில் பார்க்க ஒன்றுமில்லாததால் திரையில் அவற்றின் வோல்ட்டைக் காட்டும் கோட்டையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். வியாழனுக்கு முன்னால் போன் செய்தால் என்ன ஆச்சு என்று மட்டும் கேட்காதீர்கள்.

அன்புடன்,
உங்கள் மகன்