ஜிலேபி கெண்டையைக் கரையில் விட்டுவிட்டு வராதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கோடை வந்தால் கண்மாய் மீன்பிடித் திருவிழாப் படங்கள் உங்கள் நாளிதழில் வரும். பெரிய கட்லாவைத் தூக்கிப் பிடித்தபடி யாராவது நிற்பார்கள். எங்கள் ஊரிலும் அப்படித்தான். பெரியவர் வெள்ளைத் துண்டை வீசியதும் ஊத்தா, வலை, பழைய சேலை என்று கையில் கிடைத்ததோடு சனம் இறங்கிவிடும். எல்லோரும் வீடு திரும்பிய பிறகு கரையிலும் சேற்றிலும் உள்ளங்கை அளவு ஜிலேபி கெண்டை கிடக்கும். "முள்ளும் சேத்து வாடையும்தான், யார் உட்கார்ந்து ஆய்வது?" என்று விட்டுவிட்டுப் போகிறார்கள். அதைப் பார்த்தால் எனக்கு மனசு ஆறுவதில்லை.

என் அப்பா கொண்டு வரும் கூடையில் விரால், குறவை, கெளுத்தி, ஆரல் எல்லாம் கலந்து துள்ளும். அயிரையை அம்மா சட்டியில் பால் கலந்த தண்ணீரில் உயிரோடு விட்டு, மண்ணைக் கக்க வைத்துத்தான் குழம்பு வைப்பார். இப்போது எங்கள் வீட்டுக்கு வரும் கூடையில் பத்துக்கு எட்டு ஜிலேபி. வயலில் அடிக்கும் மருந்தும் மழை பொய்த்ததும்கூட இதற்குக் காரணம்தான், மறுக்கவில்லை. ஆனால் ஜிலேபி நம் ஊர் மீன் இல்லை. ஆப்பிரிக்காவில் மொசாம்பிக் பக்கத்து மீன். 1952இல் வளர்ப்புக்காக நம் நாட்டுக்குக் கொண்டுவந்தார்கள். தாய்மீன் முட்டையையும் குஞ்சையும் வாய்க்குள் வைத்தே காப்பாற்றும். வருடத்தில் பலமுறை குஞ்சு பொரிக்கும். கூட்டம் பெருகி இரை குறைந்தால், உடம்பு வளராமலே சினைக்கு வந்துவிடும். கண்மாய் வற்றும்போது தரையில் தட்டுத் தட்டாகத் தெரியும் குழிகள், ஆண் மீன் வாயால் தோண்டிய கூடுகள். அந்தக் குழிகளை எண்ணிப் பார்த்தாலே இதன் பெருக்கம் புரியும்.

அதனால்தான் சொல்கிறேன், சின்னதையும் விடாமல் பிடித்துச் சாப்பிடுங்கள். வாடை வராமல் செய்ய வழி இருக்கிறது. வயிற்றுக்குள் ஒட்டியிருக்கும் கறுப்புச் சவ்வை விரலால் முழுக்க உரித்துவிட வேண்டும். செவுளை எடுத்துவிட்டு, கல் உப்புப் போட்டு உரசிக் கழுவி, புளித் தண்ணீரில் கொஞ்ச நேரம் போட்டு வைத்தால் சேத்து வாடை போய்விடும். முதுகு முள் குத்தும், அதை முதலிலேயே வெட்டிவிடுங்கள். பெரியதை மாங்காய் போட்டுக் குழம்பு வைக்கலாம். சின்னதைக் கீறி, மிளகாய்த்தூளும் மஞ்சளும் பூசி, முறுகலாகப் பொரித்தால் சிறுமுள்ளும் நொறுங்கிவிடும். விருந்தாளிக்கு ஜிலேபி வைப்பதைக் கௌரவக் குறைவாக நினைப்பவர்கள் என் சொந்தத்திலேயே இருக்கிறார்கள். என் மருமகன் இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

சாக்கடை கலக்கும் கண்மாய் மீனைத் தொட வேண்டாம், எந்த மீனாக இருந்தாலும்.

தின்றே இதைத் தீர்த்துவிடலாம் என்று நான் சொல்லவில்லை. எழுபது வருடமாகத் தின்றுகொண்டுதான் இருக்கிறோம். ஆனால் தண்ணீர் வற்றிக் குட்டையாக நிற்கும் அந்த ஒரு நாளில், முழுக்க வாரி எடுக்க நமக்கு வாய்ப்புக் கிடைக்கிறது. மிச்சத்தைக் குட்டையில் விட்டுவிட்டு வந்தால், அடுத்த மழைக்கு அதுதான் கண்மாயை நிரப்பும். சிலர் அக்கறையாக வாளியில் எடுத்துப்போய்ப் பக்கத்து ஊருணியில் விடுகிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். 2000ஆம் ஆண்டிலேயே வளர்க்கத் தடை போட்ட ஆப்பிரிக்கத் தேளி சிக்கினாலும் திரும்பத் தண்ணீரில் விடக்கூடாது.

மீன்வளத் துறைக்கு ஒரு வேண்டுகோள். திருவிழா முடிந்து மழை பெய்ததும் கண்மாய்களில் கட்லா, ரோகுக் குஞ்சுகளோடு விரால் குஞ்சும் விடுங்கள். விரால் இருந்தால் ஜிலேபிக் குஞ்சைப் பிடித்துத் தின்னும். எங்கள் கண்மாயில் விராலைப் பார்த்து நான்கு வருடம் ஆகிறது.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
மேலூர் வட்டம், மதுரை மாவட்டம்.