கரோல் கிங்கைக் கேட்ட வருஷம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் பொருளாளர் அண்ணனுக்கும், சந்தா கட்டியவர்கள், கட்டப்போகிறவர்கள் எல்லோருக்கும் வணக்கம். பெரம்பூரில் பழைய ரெக்கார்டு பைத்தியங்கள் சிலர் கூடி ஆரம்பித்த நம் பாட்டுக் கேட்போர் சங்கத்தின் ஆண்டறிக்கையைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன். கூட்டம் நடந்த தேதிகளும் யார் யார் வந்தார்கள் என்பதும் மினிட்ஸ் நோட்டில் இருக்கின்றன, வேண்டியவர்கள் வாங்கிப் பார்த்துக்கொள்ளலாம். இந்த வருஷம் என்ன கேட்டோம், எதற்காக அடித்துக்கொண்டோம் என்பதை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

மாதத்துக்கு ஒரு பாடகர் என்று தாவிக்கொண்டிருந்ததை நிறுத்திவிட்டு, வருஷம் முழுக்க ஒரே ஆளைக் கேட்பது என்று போன பொதுக்குழுவில் தீர்மானம் போட்டோம். அமெரிக்கப் பாடகியும் பாட்டுக்கு மெட்டுப் போடுபவருமான கரோல் கிங் பெயரை முன்மொழிந்தவர் நம் கணக்கு டீச்சர் அக்கா. மூர் மார்க்கெட் 1985-ல் எரிவதற்கு முன்னால் அங்கே வாங்கிய, கரோல் கிங்கின் 1971 ஆல்பமான 'டேப்பஸ்ட்ரி' எல்பி ஒன்று அவரிடம் இருக்கிறது, அதை யாருக்கும் இரவல் தரமாட்டார் என்பதும் உங்களுக்குத் தெரியும். "ஒரு ஆல்பத்தை வெச்சுக்கிட்டு வருஷத்தை ஓட்டிடலாமா?" என்று தலைவரே சந்தேகப்பட்டார். நடந்தது என்னவென்றால், அந்த ஆல்பத்துக்கு வந்து சேரவே நமக்கு ஆடி மாதம் ஆகிவிட்டது. அது வெளிவருவதற்குப் பத்து வருஷம் முன்பே அந்தம்மா அமெரிக்காவில் நம்பர் ஒன் இடத்தைத் தொட்டுவிட்டார், பாடியவர்கள்தான் வேறு ஆட்கள்.

முதல் கூட்டத்தில் வாழ்க்கைக் கதை. 1942 பிப்ரவரி 9-ல் நியூயார்க்கில் பிறந்து புரூக்ளினில் வளர்ந்தவர், வீட்டில் வைத்த பெயர் கரோல் க்ளைன், அப்பா தீயணைப்பு வீரர், பியானோவில் முதல் பாடம் அம்மாவிடம். பள்ளியில் படிக்கும்போதே பாட்டுக் குழு, மேடைக்காகப் பெயர் மாற்றம், அப்புறம் குயின்ஸ் கல்லூரி. அங்கே கூடப் படித்த பால் சைமனோடு சேர்ந்து பாட்டு கம்பெனிகளுக்கு டெமோ, அதாவது மாதிரிப் பதிவு, பாடிக் கொடுத்திருக்கிறார், ஒரு தடவைக்கு 25 டாலர். அதே கல்லூரியில்தான் ஜெரி கோஃபினைச் சந்திக்கிறார். 1959-ல் கல்யாணம், அவருக்கு வயது 17.

நம் மூத்த உறுப்பினர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தது பாடகர் நீல் செடாகா பெயர் வந்தபோது. 1959-ல் வந்த அவருடைய 'ஓ! கரோல்' பாட்டை சிலோன் ரேடியோவில் கேட்டு வளர்ந்தவர்கள் அவர்கள், அதில் வரும் கரோல் இவர்தான் என்று சொன்னதும் ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்ற அங்கிள் நம்பவே மாட்டேன் என்றார். பள்ளி நாட்களில் செடாகாவோடு கொஞ்ச காலம் பழக்கம், அதை வைத்துச் செடாகா பாடிய பாட்டு. அதற்குப் பதிலடியாக இவர் பாடிய 'ஓ! நீல்' போணியே ஆகவில்லை. அதையும் போட்டுக் கேட்டோம், போணியாகாததில் நியாயம் இருக்கிறது.

சரி, இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நியூயார்க்கின் பிராட்வேயில் 1650-ம் எண் கட்டடம். எல்லோரும் பிரில் பில்டிங் என்று சொல்லிவிடுவார்கள், அது 1619, இவர்கள் வேலை பார்த்தது எதிர்ச்சாரியில் கொஞ்சம் தள்ளி இருந்த இந்த 1650-ல். ஆல்டன் மியூசிக் என்ற கம்பெனி, அதை நடத்தியவர்கள் டான் கிர்ஷ்னரும் அல் நெவின்ஸும். பியானோ ஒன்றும் ஆள் உட்கார இடமும் போக வேறெதுவும் கொள்ளாத சின்னச் சின்ன அறைகள், பக்கத்து அறையில் இன்னொரு பாட்டு ஜோடியான பேரி மேனும் சிந்தியா வைலும் வேறொரு பாட்டைத் தட்டிக்கொண்டிருப்பது சுவர் தாண்டிக் கேட்கும். நம் ஊர் சினிமா கம்போசிங் அறை மாதிரிதான், மெட்டு இவர் போட, வரி புருஷன் எழுத, இந்தக் குழுவுக்கு இந்த வாரத்துக்குள் பாட்டு வேண்டும் என்று மேலே இருந்து ஆர்டர் வரும். கைக்குழந்தையையும் கூடவே கொண்டுபோய் வைத்துக்கொண்டு வேலை செய்திருக்கிறார்.

'வில் யூ லவ் மீ டுமாரோ' பாட்டுக்காக ஒரு முழு மாலையையும் செலவழித்தோம், அது தகும். 1960-ல் ஷிரெல்ஸ் என்ற கறுப்பினப் பெண்கள் குழுவுக்கு அவசரமாகப் பாட்டு வேண்டும் என்று கிர்ஷ்னர் கேட்கிறார். மெட்டை வீட்டு டேப் ரெக்கார்டரில் பதிந்து வைத்துவிட்டு கரோல் மாஜாங் விளையாடப் போய்விடுகிறார். கோஃபின் அப்போது பகலில் ரசாயனக் கம்பெனியில் கெமிஸ்ட் வேலை பார்த்துக்கொண்டிருந்தார், ராத்திரி வந்து டேப்பைப் போட்டுக் கேட்டு எழுதுகிறார். இந்த ராத்திரி என்னை விரும்புகிறாய், விடிந்த பிறகும் விரும்புவாயா என்று ஒரு பெண் நேருக்கு நேராகக் கேட்கும் பாட்டு, அந்தக் காலத்து ரேடியோவுக்கு அது லேசான விஷயம் இல்லை. ஷிரெல்ஸ் பாடகிக்கு முதலில் பிடிக்கவில்லையாம், நாட்டுப்புற வாசனை அடிக்கிறது என்றாராம். வயலின்களுக்கான அரேஞ்ச்மென்ட்டை கரோலே எழுதினார். 1961 ஜனவரியில் அமெரிக்காவின் பாட்டு வரிசையான பில்போர்டு பட்டியலில் முதல் இடம், கறுப்பினப் பெண்கள் குழு ஒன்று அங்கே நிற்பது அதுதான் முதல் தடவை. மெட்டுப் போட்டபோது இவருக்கு வயது 18. கோஃபின் கெமிஸ்ட் வேலையை விட்டார்.

அடுத்து வரிசையாக வந்தன. 1961-ல் பாபி வீ பாடிய ஒன்று, 1962-ல் 'தி லோகோ-மோஷன்', 1963 ஆரம்பத்தில் ஸ்டீவ் லாரன்ஸ் பாடிய 'கோ அவே லிட்டில் கேர்ள்', எல்லாம் நம்பர் ஒன். லோகோ-மோஷன் பாடிய லிட்டில் ஈவா இவர்கள் வீட்டில் குழந்தை பார்த்துக்கொள்ள வந்த பெண். வேறொரு பாடகிக்கு அனுப்ப டெமோவாகப் பாட வைத்தார்கள், அதையே வெளியிட்டார்கள், நாடே ஆடியது. லிட்டில் ஈவாவுக்கு அதிலிருந்து பெரிய சொத்தெல்லாம் சேரவில்லை என்பதை நம் வக்கீல் உறுப்பினர் எழுந்து சொன்னார், அதையும் பதிவு செய்கிறேன், ஏனென்றால் அந்தக் காலத்துப் பாட்டுத் தொழிலில் பாடினவருக்கு ஒரு கணக்கு, எழுதினவருக்கு ஒரு கணக்கு, கம்பெனிக்கு ஒரு கணக்கு, எந்தக் கணக்கில் யார் நிற்கிறார்கள் என்பதுதான் பின்னாளில் யார் எப்படி வாழ்ந்தார்கள் என்பதைத் தீர்மானித்தது. பீட்டில்ஸின் 1963 முதல் ஆல்பத்திலும் கோஃபின்-கிங் பாட்டு ஒன்று இருக்கிறது, 'செயின்ஸ்', ஜார்ஜ் ஹாரிசன் பாடுவார். 1967-ல் அட்லாண்டிக் கம்பெனியின் ஜெரி வெக்ஸ்லர் தெருவில் காரை நிறுத்தி, அரீதா ஃபிராங்க்ளினுக்கு 'நேச்சுரல் உமன்' என்று ஒரு பாட்டு வேண்டும் என்று தலைப்பை மட்டும் கொடுத்துவிட்டுப் போனார், அன்று ராத்திரியே பாட்டு ரெடி.

1968-ல் விவாகரத்து. கோஃபினுக்கு மனநிலைப் பாதிப்பு, அதோடு வேறு சிக்கல்களும். இரண்டு பெண் குழந்தைகளோடு லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் லாரல் கேன்யனுக்குக் குடிபெயர்கிறார். அங்கே 'தி சிட்டி' என்ற குழுவில் ஒரு ஆல்பம், விற்கவில்லை. 1970-ல் தனியாக ஒரு ஆல்பம், வந்த புதிதில் அதுவும் விற்கவில்லை. மேடை ஏறிப் பாடவே கூச்சப்படுவார். பாடகர் ஜேம்ஸ் டெய்லருக்குப் பின்னால் பியானோ வாசிக்கப் போனவரை, குயின்ஸ் கல்லூரிக் கச்சேரியில், அவர் படித்த அதே கல்லூரியில், இன்று ஒரு பாட்டு நீதான் பாடுகிறாய் என்று டெய்லர் முன்னே தள்ளிவிட்டார்.

ஆடிக் கூட்டத்தில் அக்கா எல்பியைக் கொண்டுவந்தார், தானே நீடிலை வைத்தார். அட்டைப்படத்தைக் கை மாற்றி எல்லோரும் பார்த்தோம். லாரல் கேன்யன் வீட்டு ஜன்னலோரம், ஜீன்ஸ், வெறுங்கால், சுருட்டை முடி, கையில் அவரே தைத்த தையல் வேலை, முன்னால் டெலிமேக்கஸ் என்ற பூனை. அந்தக் காலத்துப் பாடகி அட்டைப்படம் எதையாவது பக்கத்தில் வைத்துப் பாருங்கள், மேக்கப்பே தெரியாத இந்தப் படம் எவ்வளவு துணிச்சல் என்று புரியும். பூனை மட்டும் கொஞ்சம் சந்தேகமாகப் பார்க்கிறது.

ரெக்கார்டிங் 1971 ஜனவரியில், ஏ அண்டு எம் ஸ்டூடியோவில், தயாரிப்பு லூ ஆட்லர். டெமோவில் கேட்கிற அந்த நெருக்கம் அப்படியே இருக்கட்டும் என்று பியானோவையும் குரலையும் முன்னால் வைத்து மற்றதையெல்லாம் பின்னால் தள்ளினார். 'இட்ஸ் டூ லேட்' பாட்டைக் கீபோர்டு தம்பி பிரித்துக் காட்டினார். ஏ மைனர் செவன், டி சிக்ஸ், இந்த இரண்டு ஸ்வரக் கூட்டும் (கார்டு என்பார்கள்) மாறி மாறி வந்து கேட்பவரை உட்கார வைத்துவிடுகின்றன, அதன் மேல் ஒரு பெண் அழாமல், யாரையும் திட்டாமல், நம் உறவு முடிந்துபோச்சு என்கிறார். வரிகள் டோனி ஸ்டெர்ன் எழுதியவை. நடுவில் வரும் சோப்ரானோ சாக்ஸபோன் கர்ட்டிஸ் ஏமி. அதைத் தம்பி மூன்று தடவை திரும்பப் போடச் சொன்னார், அக்கா ஒரு தடவைதான் போட்டார்.

அந்த ஆல்பத்தில் 'வில் யூ லவ் மீ டுமாரோ'வும் இருக்கிறது. பதினெட்டில் மெட்டுப் போட்ட பாட்டை இருபத்தெட்டு வயதில், விவாகரத்து ஆன பிறகு, வேகத்தைப் பாதியாகக் குறைத்தது போல நிதானமாகத் தானே பாடுகிறார், பின்னால் ஜோனி மிட்செலும் ஜேம்ஸ் டெய்லரும் சேர்ந்து பாடுகிறார்கள். ஷிரெல்ஸ் பாடியதில் கேள்விக்குப் பதில் வரும் என்று ஒரு நம்பிக்கை தொனிக்கும், இதில் பதில் என்ன என்று தெரிந்துகொண்டே கேட்கிற குரல்.

இங்கேதான் பெரிய சண்டை. அவருடைய உண்மையான சாதனை 1971 தான், முன்னால் செய்ததெல்லாம் கூலிக்கு எழுதியது என்று ஒரு கட்சி, எழுதிக் கொடுத்த பாட்டுகள்தான் பெரிது, ஆல்பம் அதன் வட்டி என்று எதிர்க்கட்சி. செயலாளர் நடுநிலை வகிக்க வேண்டும் என்று விதி எதுவும் இல்லாததால் என் அபிப்பிராயத்தைப் போடுகிறேன். அடுத்தவர் தொண்டைக்குப் பத்து வருஷம் அளவெடுத்துத் தைத்த கைதான் 'டேப்பஸ்ட்ரி'யைச் செய்தது. அதில் ஒரு பாட்டுகூட நீளமாக இழுப்பதில்லை, எங்கே பல்லவி திரும்ப வர வேண்டும் என்பதில் ஒரு தடுமாற்றம் இல்லை. மனசைத் திறந்து கொட்டிய ஆல்பம் என்று எல்லோரும் எழுதுகிறார்கள், கொட்டியதுபோலத் தெரிய வைக்கத் தெரிந்தவர் என்று எழுதினால் இன்னும் சரி.

பட்டியல் பிரியர்களுக்காக: ஆல்பம் தொடர்ந்து 15 வாரம் முதல் இடம், பில்போர்டு பட்டியலில் மொத்தம் 300 வாரங்களுக்கு மேல். 1971-ல் மட்டும் அவர் மெட்டு மூன்று குரலில் நம்பர் ஒன் ஆனது. ஜூனில் அவரே பாடிய 'இட்ஸ் டூ லேட்', ஜூலைக் கடைசியில் ஜேம்ஸ் டெய்லர் பாடிய 'யூ ஹாவ் காட் எ ஃப்ரெண்ட்', செப்டம்பரில் டானி ஆஸ்மண்ட் திரும்பப் பாடிய 'கோ அவே லிட்டில் கேர்ள்'. அடுத்த வருஷம் நாலு கிராமி விருது, சிறந்த பாட்டுக்கான விருதை வாங்கிய முதல் பெண் அவர்தான். விழாவுக்கு அவர் போகவில்லை, வீட்டில் பிறந்து சில மாதமே ஆன குழந்தை, லூ ஆட்லர்தான் வாங்கிக்கொண்டார்.

மீதிக் கதையை ஐப்பசி மழையில் ரொம்பப் பேர் வராத ஒரு கூட்டத்தில் வேகமாக முடித்துவிட்டோம். 1973-ல் சென்ட்ரல் பார்க்கில் இலவசக் கச்சேரி, சுமார் ஒரு லட்சம் பேர். எழுபதுகளின் கடைசியில் ஐடஹோ மலைப்பக்கம் போய், கரண்ட் இல்லாத மரவீட்டில் இருந்து ஆடு கறந்த காலம். மூன்றாவது கணவர் தன்னை அடித்ததைப் பற்றி 2012-ல் வந்த சுயசரிதையில் வெளிப்படையாக எழுதியிருக்கிறார். அந்த அத்தியாயத்தை அக்கா வாசித்துத் தமிழில் சொன்னபோது நம் கூட்டத்தில் ரொம்ப நேரம் பேச்சு அதைப் பற்றித்தான், இவ்வளவு சம்பாதித்தவரே கிளம்ப முடியாமல் இருந்தாரா என்று ஆண்கள் கேட்டார்கள், பெண்கள் யாரும் கேட்கவில்லை. ராக்கி மலைக் காடுகளைக் காப்பாற்றச் சட்டம் கேட்டு அமெரிக்க காங்கிரஸில் சாட்சி சொல்லியும் இருக்கிறார். 2013-ல் பாட்டுக்காக அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் தரும் கெர்ஷ்வின் பரிசு, அதை வாங்கிய முதல் பெண்.

அவரைக் கௌரவித்த 2015 கென்னடி சென்டர் விழா வீடியோவைப் பார்க்காதவர்கள் பாருங்கள். அரீதா ஃபிராங்க்ளின் ஃபர் கோட்டோடு வந்து பியானோவில் உட்கார்ந்து 'நேச்சுரல் உமன்' ஆரம்பிக்கிறார், மேலே பால்கனியில் கரோல் கிங் சின்னப் பிள்ளை மாதிரி வாயைப் பிளக்கிறார், ஒபாமா கண்ணைத் துடைக்கிறார், கடைசியில் அரீதா எழுந்து கோட்டைக் கழற்றிக் கீழே போடுகிறார். ரயில்வே அங்கிள் கைதட்டியதில் டீ டம்ளர் உருண்டது. உடைந்தது ஒன்று, பொருளாளர் கணக்கில் வரும்.

நிர்வாக விஷயங்கள். ரெக்கார்டு பிளேயருக்குப் புது நீடில் வாங்கினோம். கூட்டம் நடத்தும் ஹாலில் வாடகையை ஏற்றிவிட்டார்கள், மின்விசிறி மட்டும் அதே பழசு. கணக்கு வழக்கைப் பொருளாளர் அண்ணன் தனியாகப் படிப்பார், கேள்வி இருந்தால் அப்போதே கேளுங்கள், வெளியே டீக்கடையில் கேட்காதீர்கள்.

அடுத்த வருஷத்துக்கு இரண்டு பெயர் வந்திருக்கிறது, ஸ்டீவி வொண்டரும் ஜோனி மிட்செலும். டீச்சர் அக்கா ஜோனி பக்கம், கீபோர்டு தம்பி ஸ்டீவி பக்கம், தலைவர் இன்னும் வாயைத் திறக்கவில்லை. அறிக்கை படித்து முடித்ததும் கை தூக்கி ஓட்டெடுப்பு. சந்தா பாக்கி உள்ளவர்கள் ஓட்டுக்கு முன்னால் கட்டிவிட்டுக் கை தூக்கவும்.

இப்படிக்கு,
செயலாளர்