தெருநாய் கருத்தடை: பங்குனியில் தொடங்குங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

புகார் வந்த தெருவில் மட்டும் நாலு நாயைப் பிடித்துக் கருத்தடை செய்வது வீண் செலவு. பெட்டை நாயின் சினைக்காலம் சுமார் 63 நாள்தான். ஒரு கடுவன் மிஞ்சினாலே தெருவிலுள்ள அத்தனை பெட்டைக்கும் போதும். ஆகவே ஒரு வார்டை எடுத்தால் பத்துக்கு ஏழு நாயையாவது, அதிலும் பெட்டைகளை ஒன்று விடாமல், முடித்த பிறகே அடுத்த வார்டுக்குப் போக வேண்டும். கடலூர் முதுநகர் துறைமுகப் பக்கம் மீன் கழிவு கிடக்கும் வரை வெளி நாய்களும் வந்துகொண்டே இருக்கும் என்பது தனிக்கதை.

காலத்தைத்தான் பெரும்பாலும் கோட்டை விடுகிறோம். மழைக்காலத்தையொட்டி இணைசேரும் நாய்கள் மார்கழி, தையில் குட்டி போடுகின்றன. தொல்லை கூடும் அந்நேரத்தில் பிடிக்கக் கிளம்பினால் சிக்குவது சினை முற்றியதும் பால் கொடுப்பதும். மடி தொங்கும் பெட்டையைத் தூக்கிச் சென்றால் குட்டிகள் பட்டினியில் சாகும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையிலோ தையல் நனைந்து சீழ் பிடிக்கும், ஈ மொய்த்துப் புழு வைக்கும். பங்குனியில் தொடங்கினால் இரண்டுமில்லை. 2023ஆம் ஆண்டு விலங்கு இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகளின்படி ஆறு மாதம் நிறையாத குட்டிக்கு அறுவை கூடாது. தையில் பிறந்தவை ஆடியில் அந்த வயதை எட்டும். அப்போது இன்னொரு சுற்று போனால் அடுத்த மழைக்குள் அவையும் முடிந்துவிடும்.

அறுவைக்கு முன் சுமார் 12 மணி நேரம் வயிறு காலியாக இருக்க வேண்டும். மயக்கத்தில் வாந்தி எடுத்தால் அது நுரையீரலுக்குள் போய் உயிருக்கே ஆபத்து. தெருநாய் எப்போது என்ன தின்றது என்று யாருக்குத் தெரியும்? அதனால் பிடித்த அன்றே கத்தி வைக்காமல் ஓர் இரவு கூண்டில் வைப்பதே சரி. பிறகு நாலைந்து நாளாவது உலர்ந்த தரையில் வைத்து, தையலை நக்கிப் பிரிக்கிறதா என்று தினமும் புரட்டிப் பார்க்க வேண்டும். இடம் போதவில்லை என்று மறுநாளே விடுவதில்தான் பல நாய்கள் கெடுகின்றன. பிடித்த தெருவிலேயே விட வேண்டும். வேறு தெருவில் இறக்கினால் அங்குள்ளவை கடித்துத் தையலைக் கிழித்துவிடும்.

காதில் வெட்டு இருந்தால் வெறிநோய் பயமில்லை என்று பலர் நினைக்கிறார்கள். அந்த வெட்டு, அன்றைக்குக் கருத்தடையும் தடுப்பூசியும் முடிந்ததற்கு அடையாளம், அவ்வளவுதான். வெறிநோய்த் தடுப்பூசியை ஆண்டுதோறும் போட வேண்டும். வார்டு வாரியாகத் தேதியை ஒரு வாரம் முன்பே அறிவித்தால், சோறு வைப்பவர்களே நாய்களை ஓரிடத்தில் கூட்டிக் கொடுப்பார்கள். வலையோடு ஓடும் வேலை பாதியாகக் குறையும்.

– கால்நடைப் பராமரிப்பாளர்கள் சிலர்,
மஞ்சக்குப்பம், கடலூர்