பின்னுரையை விட்டுவிடாதே, தம்பி

அன்புள்ள தம்பிக்கு,

மண்டேயர் என்னும் பழைய சமயத்தாரின் புனித நூலான கின்ஸா ரப்பாவைத் தட்டச்சு செய்யத் தொடங்கிவிட்டாய் என்பதில் மகிழ்ச்சி. படியெடுத்தவர்கள் நூலின் கடைசியில் எழுதிவைத்த பின்னுரைகளில் வெறும் பெயர்கள்தானே, விட்டுவிடலாமா என்று கேட்டிருந்தாய். கூடவே கூடாது. தெற்கு ஈராக்கிலும் குசெஸ்தானிலும் வாழ்ந்த மண்டேயக் குருமாரின் தொடக்க காலத்தைப் பற்றி நமக்குத் தெரிந்ததில் பெரும்பங்கு அந்தப் பெயர்களிலிருந்து வந்ததுதான்.

படியெடுத்தவர் முதலில் தன் பெயரைச் சொல்லித் தன் பாவங்களுக்கு மன்னிப்பு வேண்டுவார். பிறகு யாருடைய படியைப் பார்த்து எழுதினார், அவர் யாருடையதைப் பார்த்து எழுதினார் என்று பின்னோக்கிப் போவார். கின்ஸா ரப்பாவுக்கு வலது, இடது என்று இரண்டு பகுதிகள். இடது கின்ஸாவின் சங்கிலியில் ஆகப் பழைய பெயர் ஒரு பெண்ணுடையது: கித்ராவின் மகள் ஷ்லாமா. ஆய்வாளர் யோருன் பக்லி அவரை ஏறத்தாழ கி.பி. 200இல் வைக்கிறார்.

காலம் எப்படிக் கிடைக்கிறது என்று பார். கோலஸ்தா என்னும் வழிபாட்டு நூலின் பின்னுரையில், கைமத்தின் மகன் ராமூயா, அரபுகள் முன்னேறி வந்த நாட்களில் தீப் நகரில் எழுதியதாகச் சொல்கிறார். தனக்கு முன் அதைப் படியெடுத்த ஸாஸாயின் படிக்கும் தன் படிக்கும் இடையே 368 ஆண்டுகள் என்றும் குறிக்கிறார். அரபுப் படையெடுப்பை 638 வாக்கில் வைத்துக் கழித்தால் ஸாஸாயின் காலம் சுமார் 270. இந்த ஒரு வரியை நீ விட்டிருந்தால் அந்தக் கணக்கே இல்லை!

தலைமுறைக்கு 25 ஆண்டு என்று பெருக்கிக் காலம் சொல்லாதே. இது தந்தை–மகன் வரிசை அல்ல; சமகாலத்தவர் இருவர் ஒருவர் படியை மற்றவர் பார்த்து எழுதியிருக்கலாம். ஒவ்வொரு கண்ணியிலும் ஒரே சொற்றொடர் திரும்பத் திரும்ப வருவதால் கண் அடுத்ததற்குத் தாவிவிடும், நடுவில் ஒருவர் காணாமல் போவார். இன்னொரு படியோடு வரிக்கு வரி ஒப்பிட்டால்தான் அது தெரியும். பிஹ்ராம், ஸிஹ்ரூன், யஹ்யா எல்லாம் எங்கும் வரும் பெயர்கள். பெற்றோர் பெயரும் குடும்பப் பெயரும் பொருந்தாமல் இருவரை ஒருவராக்கிவிடாதே.

பிற்காலப் பின்னுரைகள் இன்னும் வளமானவை. 1831 காலராவில் குருமார் அடியோடு மாண்டதையும், குருத்துவத்தை மீட்டெடுக்கப் பட்ட பாட்டையும் யஹ்யா பிஹ்ராம் தான் படியெடுத்த நூல்களின் பின்னுரைகளில்தான் எழுதிவைத்தார்.

ஒன்று மறந்துவிட்டேன். இடது கின்ஸா, வலதுக்குத் தலைகீழாகக் கட்டப்பட்டிருக்கும். அந்தப் பக்கங்களின் படங்களைத் திருப்பிவிட்டு வேலையைத் தொடங்கு. ஒரே பெயர் இரண்டு விதமாக எழுதியிருந்தால் திருத்தாதே, இரண்டையும் அப்படியே பதிவு செய்.

அன்புடன்,
உன் அண்ணன்