மில்லு ஆத்தா பத்தி பெற்றோர்களுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோர்கள் எல்லாருக்கும் வணக்கம்ங்க.

ஜவ்வரிசி மில்லு நடத்தின நம்ம மில்லு ஆத்தா தவறிட்ட விஷயம் இதுக்குள்ள ஊருக்கே தெரிஞ்சிருக்கும். நாளைக்கு ஸ்கூல் லீவாங்க டீச்சர்னு ராத்திரியில இருந்து போன் வந்துட்டே இருக்கு, அதுக்கு பதிலை முதல்ல சொல்லிடறேன், லீவு இல்லைங்க. நானா எடுத்த முடிவு இல்ல, ஆத்தாவோட மூத்த பொண்ணே கூப்பிட்டு "அம்மா பேரைச் சொல்லி புள்ளைங்க படிப்பு ஒரு நாள் கெட்டாலும் அவங்களுக்கு ஆகாதுங்க"ன்னு சொல்லிட்டாங்க. காலைச் சாப்பாடு, மதியச் சாப்பாடு எல்லாம் வழக்கம் போல உண்டு.

நேத்து அடக்கத்துக்கு வந்தவங்க பேசினதை எல்லாம் கேட்டுட்டு நின்னேன். மகராசி, அன்னபூரணி, கேட்டா இல்லைன்னே சொல்ல மாட்டாங்கன்னு ஆளாளுக்கு சொன்னாங்க. துக்க வீட்ல அப்படித்தான் பேசுவாங்க, தப்பில்ல. ஆனா ஆத்தா இல்லைன்னு நல்லாவே சொல்லுவாங்க, அது உங்கள்ல பாதி பேருக்கு தெரியும்! கணக்கு இல்லாம போய் நின்னா யாரா இருந்தாலும் முகத்துக்கு நேரா சொல்லிடுவாங்க. நம்ம புள்ளைங்க மனசுல அவங்க ஒரு தர்மவதியா மட்டும் பதிஞ்சா பத்தாது, அவங்க ஒரு தொழிலை உக்காந்து நடத்துனவங்க, அதுவும் தெரியணும். அதுக்குத்தான் இந்த லெட்டர்.

ஆத்தா படிச்சது நம்ம ஸ்கூல்லதான், அஞ்சாவது வரைக்கும். அவங்க சின்னப் புள்ளையா இருந்த காலத்துலதான் இந்தத் தொழிலே சேலத்துக்கு வந்துச்சு. உலக யுத்தத்துல வெளிநாட்டு ஜவ்வரிசி வரத்து நின்னு போக, 1943 வாக்குல மாணிக்கம் செட்டியார்னு ஒருத்தர் குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளிக்கிழங்கு மாவுல ஜவ்வரிசி செய்ய ஆரம்பிச்சார். அப்புறம் அது சேலம், ஆத்தூர், ராசிபுரம்னு பரவினது உங்களுக்கே தெரியும். ஆத்தா வீட்டுக்காரர் சின்ன வயசுலயே போயிட்டார், மில்லு இருந்துச்சு, கடன் இருந்துச்சு, கையில நாலு புள்ளைங்க. வித்துட்டு பொறந்த வீட்டுக்கு வந்துடுன்னுதான் எல்லாரும் சொன்னாங்களாம். இவங்க மறுநாளே போய் எடை மேடை பக்கத்துல ஸ்டூல் போட்டு உக்காந்துட்டாங்க.

அந்த எடை மேடைதான் முக்கியம்ங்க. கிழங்குக்கு வெறும் எடை பாத்து காசு இல்ல, மாவுச்சத்து எத்தனை பாயிண்ட்டுன்னு பாத்துத்தான் விலை, சாம்பிள் கிழங்கை தண்ணிக்குள்ள முக்கி எடை போட்டு கண்டுபிடிப்பாங்க, அந்தப் பாயிண்ட்டை குறைச்சு சொல்லிட்டாங்கன்னு விவசாயிங்களுக்கும் மில்லுக்காரங்களுக்கும் எப்பவும் சண்டைதான். ஆத்தா மில்லுல கிழங்கு கொண்டாந்த ஆளையே பக்கத்துல நிக்க வச்சு முள்ளு எங்க நிக்குதுன்னு அவர் வாயாலயே சொல்ல வைப்பாங்க. வெட்டின கிழங்கு அடுத்த நாளே கருக்க ஆரம்பிச்சுடும், சீக்கிரம் அரைச்சாகணும், அந்த அவசரத்தை வச்சு விவசாயியை கேட்டுல காத்துக் கிடக்க வச்சு விலையைக் குறைக்கிற வேலை மட்டும் அவங்ககிட்ட கிடையாது. இதை தர்மம்னு சொன்னா அவங்களுக்கு கோவம் வரும். அடுத்த சீசனுக்கும் அந்த ஆளு நம்ம கேட்டுக்கே வரணும் கண்ணு, அவ்வளவுதான்ம்பாங்க.

நாம இங்க வத்தலும் பாயசமும்னு எப்பவாச்சும் ஜவ்வரிசி வாங்கறோம், ஆனா சேலம் சரக்குல பெரும்பங்கு போறது மகாராஷ்டிரா, குஜராத் பக்கம், அங்க விரதம்னா சாபுதானா கிச்சடிதான், ஜவ்வரிசியைத்தான் சாபுதானாம்பாங்க. ஆத்தா ஆபீஸ் ரூம்ல நம்ம தினசரி காலண்டர் பக்கத்துலயே ஒரு மராட்டி காலண்டரும் தொங்கும். படிக்கத் தெரியாது, ஆனா ஏகாதசி எப்ப, சிவராத்திரி எப்ப, நவராத்திரி எப்பன்னு லாரி டிரைவர்கிட்ட கேட்டு சிவப்பு பேனால சுழிச்சு வச்சிருப்பாங்க, அதுக்கு எத்தனை நாள் முன்னாடி மூட்டை கிளம்பணும்ங்கிறது விரல் நுனில இருக்கும். எம்.பி.ஏ. படிச்ச அவங்க பேரனே இதை என்கிட்ட சொல்லி சிரிச்சிருக்கான்.

1981ல சேகோசர்வ்னு ஜவ்வரிசி மில்லுக்காரங்களோட கூட்டுறவு சொசைட்டி வந்தப்ப மெம்பரா சேர்ந்துட்டாங்க. அதுக்கு முன்னாடி வியாபாரி சொன்னதுதான் விலை, சொசைட்டி வந்தப்புறம் குடோன்ல சரக்கை இறக்கி டெண்டர்ல விக்கலாம். பளிச்னு வெள்ளையா இருந்தாத்தான் விலைன்னு சிலர் மருந்து போட்டு வெளுத்தப்பவும் இவங்க தோலை சுத்தமா சீவச் சொல்லி அதுல வர்ற நிறம் போதும்னுட்டாங்க, சீவற கூலி ஜாஸ்திதான், சில வருசம் கம்மி விலைக்குத்தான் போச்சு. 2023ல சேலம் ஜவ்வரிசிக்கு புவிசார் குறியீடு கிடைச்சப்ப நான் ஸ்வீட் எடுத்துட்டு போய் சொன்னேன், அவங்க கேட்ட முதல் கேள்வி, "இதனால கிழங்கு விலை ஏறுமா?"

சொத்து விஷயத்தை அவங்க பொண்ணுங்க சொல்லலாம்னு சொன்னதாலதான் எழுதறேன். 1989ல நம்ம தமிழ்நாட்டுல பூர்வீகச் சொத்துல பொண்ணுங்களுக்கும் சம பங்குன்னு சட்டம் வந்துச்சு, ஆனா அதுக்கு முன்னாடியே கல்யாணம் ஆனவங்களுக்கு அப்ப அது கிடையாது, 2005லதான் அது மாறுச்சு. ஆத்தாவோட மூத்த பொண்ணு அந்தக் கணக்குல வெளிய நின்னாங்க. ஆத்தா வக்கீலை வீட்டுக்கே வரச்சொல்லி, நாலு பேருக்கும் ஒரே அளவு வர்ற மாதிரி தன் பங்குல இருந்து மூத்தவங்களுக்கு எழுதி வச்சுட்டாங்க. பையனுங்க ரெண்டு பேரும் கொஞ்ச நாள் பேசாம இருந்தாங்களாம், பொங்கலுக்கு சரியாயிட்டாங்களாம்.

நம்ம ஸ்கூல் பொண்ணுங்க டாய்லெட் ஆத்தா கட்டிக் கொடுத்தது. செங்கல் லோடு, சிமெண்ட் மூட்டை எல்லாத்துக்கும் பில்லு கேட்டாங்க, நானும் மேஸ்திரியும் பரீட்சை எழுதற மாதிரி நின்னோம். திறந்தப்புறமும் சொல்லாம கொள்ளாம வந்து பைப்பை திருகி தண்ணி வருதான்னு பாத்துட்டு போவாங்க. வாசல்ல கல்லு வச்சு பேர் போடலாமான்னு கேட்டதுக்கு, அந்தக் கல்லு காசுக்கு ரெண்டு பக்கெட் வாங்கி வைங்கன்னாங்க. கிழங்கு சீவ வர்ற அம்மாங்களோட புள்ளைங்க சீசன் நேரத்துல ஸ்கூலுக்கு மட்டம் போட்டா எனக்கு முன்னாடி அவங்களுக்கு தெரிஞ்சிடும், மில்லுக்குள்ள புள்ளை தலை தெரிஞ்சா அந்த அம்மாவுக்கு அன்னிக்கு நல்லா கிடைக்கும்.

வர்ற வெள்ளிக்கிழமை காலைல பிரேயர்ல ஆத்தாவுக்கு ரெண்டு நிமிசம் மௌனம், அவங்க பேத்தி வந்து கொஞ்ச நேரம் பேசுவாங்க. முடிஞ்சா நீங்களும் வாங்க, மாலை பூவெல்லாம் வேண்டாம்னு வீட்ல சொல்லிட்டாங்க.

ஆறு, ஏழு, எட்டாவது புள்ளைங்களுக்கு ஒரு வேலை கொடுத்திருக்கோம். அவங்க வீட்ல பாட்டி, அம்மா, அத்தை யாராச்சும் என்ன வேலை செய்யறாங்க, மாடு வச்சிருக்காங்களா, தையலா, கொலுசுக்கு சலங்கை வைக்கிறாங்களா, தட்டுவடை கடையா, அதுல செலவு எவ்வளவு, மிச்சம் எவ்வளவுன்னு கேட்டு ஒரு பக்கம் எழுதிட்டு வரணும். தயவுசெஞ்சு புள்ளைங்ககிட்ட உக்காந்து உண்மையான கணக்கை சொல்லுங்க, எங்கம்மா சும்மாதான் இருக்காங்கன்னு எழுதிட்டு வந்தா நான் திருப்பி அனுப்பிடுவேன்.

வெள்ளிக்கிழமை மதியம் ஆத்தா மில்லு ஜவ்வரிசியிலயே பாயசம். டம்ளர் கொடுத்து விடுங்க. ஒண்ணாவது ரெண்டாவது புள்ளைங்களோட டம்ளர்ல பேர் எழுதி ஒட்டிடுங்க, போன தடவை மாறிப்போய் பெரிய பஞ்சாயத்தே ஆயிடுச்சு.

இப்படிக்கு,
உங்க ஹெச்.எம். டீச்சர்